என் தொழில் என் கடைக்குள் நடக்கவில்லை

வேலூர் சத்துவாச்சாரியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் எனக்கு ஒரு வாடகைக் கடை இருக்கிறது. அதற்குள் ஒரு மேசை, ஓர் இரும்பு அலமாரி, மிச்சமாகிப் போன எல்போ, டீ எனும் குழாய் இணைப்புகள், வால்வு போன்ற சில்லறைச் சாமான்கள், குழாய்களைச் சாய்த்து வைக்க ஒரு மூலை. எல்லாம் சேர்ந்து 90,000 ரூபாய் பெறும். நான் குழாய் வேலை ஒப்பந்தக்காரன். 11 ஆண்டுகள் ஒரு பெரிய ஒப்பந்தக்காரரிடம் இருந்துவிட்டு, 2022 தை மாதம் தனியாக வந்தேன். என் வேலை நடப்பது காட்பாடியில் எழும்பும் புது வீடுகளில், சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில். கடைக்குள் நான் செய்கிற வேலை பில் எழுதுவது மட்டும்தான். இதை இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் வாங்கிய காப்பீடு அந்தக் கடைக்கு. எனக்கு வந்த இழப்பு கடைக்கு வெளியே. அந்த இடைவெளியில் 3,48,000 ரூபாயும் ஏறத்தாழ மூன்று வாரச் சம்பாத்தியமும் போயின. தனியாகத் தொழில் செய்யும் வேறு ஒருவருக்கும் இது நேரக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

2023 ஜூன் மாதம் காந்தி ரோட்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் 22 அறைகளின் குளியலறைக் குழாய்களை மாற்றும் வேலை பேசினோம். பழைய இரும்புக் குழாய்கள் போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் அரித்துப் போயிருந்தன. எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுவருக்குள் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய் பதிக்க வேண்டும். கூலியும் சாமானும் சேர்த்து 6,40,000 ரூபாய். முன்பணம் தருவதற்கு முன் லாட்ஜ் முதலாளி, "உங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை வாங்கப் போனேன். என் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் பாலிசி போட்டுத் தரும் முகவரைத்தான் அழைத்தேன். "தொழிலுக்கு ஒரு பாலிசி வேண்டும் சார், குறைந்த விலையில் இருக்கட்டும்" என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். அவரும் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் அவர் பெருக்கல் குறி போட்டிருந்த மூன்று இடங்களில் கையெழுத்திட்டேன். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தன. பிரீமியம் 4,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 720, ஆக 4,720 ரூபாய். "தீ, திருட்டு, வெளியாருக்கு ஏற்படும் சேதம் 10 லட்சம் வரை, எல்லாம் இதில் அடக்கம்" என்றார். மாலையில் பாலிசி வாட்ஸ்அப்பில் வந்தது, 34 பக்கம். முதல் பக்கத்தில் என் பெயரும் 10 லட்சம் என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன். லாட்ஜ் முதலாளிக்கு அனுப்பி வைத்தேன். வேலை தொடங்கியது.

அக்டோபர் கடைசியில் முடித்தோம். 22 அறைகளிலும் குழாய்க்குள் அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்தோம், எங்கும் கசிவில்லை. இறுதிப் பில்லில் 1,65,000 ரூபாய் பாக்கி. நவம்பர் மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணி தாண்டி லாட்ஜ் மேலாளரின் அழைப்பு. "அண்ணே, மூன்றாவது மாடியில் சுவருக்குள்ளிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கீழே கடை வரை இறங்குகிறது." மழை தூறிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாடிப்படியே அருவியாக இருந்தது. காந்தி ரோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், அந்த லாட்ஜுகளில் தங்குபவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். மேற்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்காக வந்து, மாதக் கணக்கில் அறையெடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு நாளான ஒரு பெரியவரை அவர் மகன்கள் நாற்காலியோடு தூக்கி வராந்தாவில் வைத்திருந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மேலாளருக்கு எந்த வால்வை மூடுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வால்வு வைத்திருந்தேன். ஆனால் எது எந்த மாடிக்கு என்று யாருக்கும் காட்டிக் கொடுக்கவில்லை. வால்வில் ஒரு பெயர்ச்சீட்டு கட்டியிருந்தால் மேலாளரே இரண்டு நிமிடத்தில் தண்ணீரை நிறுத்தியிருப்பார். நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறது. இப்போது எந்த வேலையை ஒப்படைக்கும்போதும் வால்வுகளுக்கு எண் போட்டு, ஒரு வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டுதான் வருகிறேன்.

காரணம் மிகச் சிறியது. ஷவர் இணைப்பில், பிளாஸ்டிக் உள்மரை (உட்புறத் திருகு) கொண்ட அடாப்டர் என்ற இணைப்புத் துண்டுக்குள் பித்தளைத் துண்டை அளவுக்கு மேல் முறுக்கினால் அடாப்டரில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். டெஸ்ட் செய்யும் அன்று அது தாங்கும். பிறகு வெந்நீரும் தண்ணீரும் மாறி மாறி ஓட, விரிசல் மெல்லப் பிளந்துகொண்டே போய் ஒரு நாள் முழுதாகத் திறந்துகொள்ளும். என் பையன்களில் யார் முறுக்கியது என்று நான் கேட்கவில்லை. பித்தளை உள்மரை வைத்த அடாப்டர் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

தண்ணீர் இறங்கியது தரைத்தளத்தில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள். இரண்டு நகலெடுக்கும் இயந்திரங்கள், ஒரு கணினி, ஒரு லேமினேஷன் இயந்திரம், அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டுகள். கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர், மருத்துவக் கோப்புகளை நகலெடுத்துப் பிழைப்பவர். விடிந்ததும் வந்து ஷட்டரைத் தூக்கியவர் திட்டவே இல்லை, படியில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் அந்தக் காலையில் நான் இரண்டு தவறுகளைச் செய்தேன். லாட்ஜ் முதலாளி நீட்டிய முத்திரைத்தாளில், "என் வேலையின் குறைபாட்டால் ஏற்பட்ட சேதம் முழுவதற்கும் நானே பொறுப்பு, முழுத் தொகையையும் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மனசாட்சிப்படி அது சரிதான். ஆனால் நம்மால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீட்டு ஆவணங்களில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும்: காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது. சரியான பாலிசி கையில் இருந்திருந்தாலும் அந்த ஒரு தாளே என் கோரிக்கையைக் கெடுத்திருக்கும். "உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறேன், உங்களோடு கடைசி வரை நிற்பேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆறுதல் சொல்லவும் உதவவும் எந்தத் தடையும் இல்லை. கையெழுத்துதான் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு, சுத்தம் செய்கிறேன் என்று ஈரக் காகிதங்களையும் உடைந்த ஓடுகளையும் பையன்களை வைத்து அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டது. பிளந்த அடாப்டரும் அந்தக் குப்பையோடு போய்விட்டது. சாமானிலேயே உற்பத்திக் குறை இருந்ததா என்று பார்க்கக்கூட வழியில்லாமல் போயிற்று. நனைந்த இடத்தை நாலு பக்கமும் படம் எடுங்கள், வீடியோ எடுங்கள், உடைந்த பாகத்தை ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அதன் பிறகு துடைப்பத்தை எடுங்கள்.

முகவரை அழைத்தேன். "கவலைப்படாதீர்கள், 10 லட்சம் இருக்கிறதே" என்றார். நான்கு நாள் கழித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார். பொறுமையான மனிதர். கடையைப் பார்த்தார், லாட்ஜைப் பார்த்தார், பிறகு என் பாலிசியின் இரண்டாவது பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். தொழில்: பிளம்பிங், ஹார்டுவேர் பொருள் விற்பனை. காப்பீடு பெறும் இடம்: சத்துவாச்சாரிக் கடை முகவரி. வெளியாருக்கான பொறுப்பு: மேற்கண்ட இடத்தில் நடக்கும் விபத்துகளுக்கு மட்டும். அதாவது, யாராவது என் கடைக்கு வந்து, வாசலில் கிடக்கும் குழாய் தடுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் பணம் கிடைக்கும். என் கடையில் இதுவரை யாரும் விழுந்ததில்லை. பொருட்களுக்கான தொகை 5 லட்சம் என்று போட்டிருந்தது. 90,000 ரூபாய்ச் சாமானுக்கு 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தாலும், தீப்பிடித்தால் கிடைப்பது 90,000தான். மூன்று வாரத்தில் நிராகரிப்புக் கடிதம் வந்தது. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடைக்காரர் கொடுத்த கணக்கு 4,35,000 ரூபாய். இயந்திரங்கள் நான்கு ஆண்டு பழையவை. அவர் எழுதியிருந்தது புது இயந்திரத்தின் விலை. இழப்பீடு என்பது தேய்மானம் போக, சேதமான அன்றைய மதிப்புக்குத்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. வியாபாரிகள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து 3,10,000க்கு முடித்து வைத்தார். என் பாக்கி 1,65,000ஐ லாட்ஜ் முதலாளி நேராகக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டார். மீதி 1,45,000க்கு என் மனைவியின் வளையல்களையும் ஆரத்தையும் அடகு வைத்தேன். அவள் கழற்றிக் கொடுத்துவிட்டு, "தாலி இருக்கிறதல்லவா, போங்கள்" என்றாள். அந்த ஒரு சொல்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இது தவிர 22 அறைகளிலும் அதே வகை அடாப்டர்களைப் பெயர்த்து மாற்றி ஓடு ஒட்ட 38,000. பத்தொன்பது நாள் வேறு வேலைக்குப் போகவில்லை.

கோபத்தில் புகார் செய்தேன். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். அவர்கள் பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதத்துக்குள் பதிலே வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனிநபர்கள் மட்டுமல்லாமல், என்னைப் போன்ற ஒற்றை உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை அங்கே கேட்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, நாமே பேச வேண்டும். காட்பாடியில் ரயிலேறிச் சென்னை அண்ணா சாலைக்குப் போனேன். மரியாதையாக உட்கார வைத்து முழுவதையும் கேட்டார்கள். "முகவர் எல்லாம் அடக்கம் என்று வாயால் சொன்னார்" என்றேன். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இல்லை. விண்ணப்பப் படிவத்தின் நகலை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். காலிக் கட்டங்களில் வேறொருவர் கையெழுத்தில், பொருள் விற்பனை என்று எழுதியிருந்தது. கீழே என் கையொப்பம். தீர்ப்பு எனக்குச் சாதகமாக வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. காலிப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நிரப்பியதைப் படியுங்கள், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்லும் ஒவ்வொரு உறுதியையும், "இதைப் பாலிசியின் எந்தப் பக்கத்தில் பார்க்கலாம் சார்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

எனக்குக் கண் திறந்தது காட்பாடி காந்தி நகரில். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் மேல்நிலைத் தொட்டி மாற்றப் போயிருந்தேன். காபி கொடுத்தபோது பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் நேரே, "தம்பி, உங்கள் தொழில் எங்கே நடக்கிறது?" என்று கேட்டார். "அடுத்தவர் வீட்டில், ஐயா." "தப்பு எப்போது தெரியவரும்?" "நான் வேலையை முடித்துக் கிளம்பிய பிறகு." "அப்படியானால் அடுத்தவர் இடத்தில், வேலை முடிந்த பிறகு நடக்கும் சேதத்துக்குக் கொடுக்கும் பாலிசிதானே உங்களுக்கு வேண்டும்? உங்கள் கடைக்கு எதற்கு?" இந்த இரண்டு கேள்விகளை அந்த ஜூன் மாதம் யாராவது கேட்டிருந்தால், என் மனைவியின் நகை பெட்டியில் இருந்திருக்கும்.

அவர் வீட்டுத் திண்ணையில் மூன்று மாலை உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். காமர்சியல் ஜெனரல் லயபிலிட்டி என்ற பொதுப் பொறுப்புக் காப்பீட்டில், வேலை நடக்கும் எல்லா இடங்களும் அடங்கும்படியும், முடித்துக் கொடுத்த வேலையால் பின்னால் வரும் சேதமும் அடங்கும்படியும் வாங்கலாம். இரண்டையும் பாலிசியின் அட்டவணையில் எழுத்தாகப் பார்க்க வேண்டும். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நம் வேலையின் குறையைச் சரிசெய்யும் செலவை இந்த வகைப் பாலிசி பொதுவாகத் தராது. பிளந்த அடாப்டரை மாற்றும் 38,000 என் தலையில்தான். அதிலிருந்து கொட்டிய தண்ணீர் அடுத்தவர் பொருளைக் கெடுத்ததற்குத்தான் காப்பீடு. இந்த வேறுபாடு புரிந்தபோது, முன்பு இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

தொகை எவ்வளவு என்பதில் நான் என் ஒப்பந்த மதிப்பை வைத்து யோசித்தேன். "உங்கள் பில்லைப் பார்க்காதீர்கள் தம்பி, உங்கள் குழாய்க்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றார் அவர். 8,000 ரூபாய் வேலைக்குக் கீழே ஒரு ஸ்கேன் மையம் இருக்கலாம். பாலிசியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் எவ்வளவு. இரண்டும் ஒன்றாகவே இருந்தால், ஆண்டின் முதல் விபத்திலேயே முழுத் தொகையும் தீர்ந்துபோகக்கூடும். அடுத்து, நாம் முதலில் கைப்பணமாகப் போட வேண்டிய தொகை, அதாவது எக்சஸ். பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட இதை உயர்த்திவிடுவார்கள். 50,000 எக்சஸ் உள்ள பாலிசி எனக்குப் பயன்படாது; என் வேலையில் வரும் சேதங்களில் பெரும்பாலானவை அதற்குள்தான் இருக்கும்.

எனக்குப் புரியச் சிரமப்பட்டது, பாலிசி எந்த நாளைக் கணக்கில் எடுக்கிறது என்பது. சில பாலிசிகள் சேதம் நடந்த நாளில் நடப்பில் இருந்தால் போதும். வேறு சில, நம்மீது கோரிக்கை வரும் நாளிலும் நடப்பில் இருக்க வேண்டும். கூடவே, இந்தத் தேதிக்கு முன் நடந்தவை செல்லாது என்று ஒரு முன்தேதியும் போட்டிருப்பார்கள். நம் ஊரில் பொறுப்புப் பாலிசிகள் பல இந்த இரண்டாவது வகை. அதைப் புதுப்பிக்காமல் விட்டால், போன ஆண்டு செய்த வேலைகளுக்கான பாதுகாப்பும் சேர்ந்து போகும். நிறுவனம் மாறினாலும் அந்தப் பழைய முன்தேதியை விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்க வேண்டும். பிரீமியம் அவர்கள் கையில் சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு தொடங்கும் என்பது 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு. "பணம் நாளைக்குக் கொடுங்கள், இன்றே போட்டுவிட்டேன்" என்று யார் சொன்னாலும் வேலையைத் தொடங்காதீர்கள்.

வேலை உத்தரவில் "எந்த வகை இழப்பு ஏற்பட்டாலும் ஒப்பந்தக்காரரே ஈடுசெய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். சட்டப்படி நமக்கு இல்லாத பொறுப்பை நாமாகக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டால், அதைப் பொதுவாகப் பாலிசி ஏற்காது. அந்த வரியை, "என் அலட்சியத்தால் ஏற்படும் இழப்பு" என்று மாற்றச் சொல்கிறேன். பாதிப் பேர் மாற்றித் தருகிறார்கள். பெரிய கட்டடங்களில் மொத்த வேலைக்கும் முதன்மை ஒப்பந்தக்காரர் ஒரு முழுப்பணிக் காப்பீடு எடுத்திருப்பார். அதில் துணை ஒப்பந்தக்காரர்கள் பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டால் நமக்கு ஒரு செலவு குறையலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எழுந்தபோது, "உங்களிடம் வேலை செய்பவர்களுக்கு?" என்றார் அந்தப் பெரியவர். "ஆறு பேருக்கும் வங்கியில் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு போட்டிருக்கிறேன் ஐயா" என்றேன் பெருமையாக. அது நல்லதுதான், எல்லோரும் போட வேண்டும். விபத்தில் இறந்தால் 2 லட்சம் வரும். ஆனால் அது என் பொறுப்பைத் தீர்க்காது. ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ன்படி, 25 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தால், மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்க வேண்டும். அப்போது கூலிக்கு உச்சவரம்பு 15,000; பாதி 7,500. 25 வயதுக்குரிய எண் 216.91. பெருக்கினால் 16,26,825 ரூபாய். அந்தப் பையனின் குடும்பத்துக்கு அதைக் கொடுக்க வேண்டியவன் நான். பார்த்ததும் என் கை நடுங்கியது. இரண்டு ஆண்டுகளாக ஆறு பேரை மூன்றாவது மாடிச் சாரத்தில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் சேர்ந்துவிட்டது. முதலாளியின் பொறுப்பு தொடர்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்களுக்கு, தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ உண்டு. என்னைப் போல ஐந்தாறு பேரோடு வேலை செய்பவர்களுக்குத்தான் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி வாங்கும்போது மூன்றைக் கவனித்தேன். பெயர்ப் பட்டியல் கேட்கும் பாலிசி எனக்கு ஒத்துவராது. உதவியாளர்கள் மாதம் ஒருவர் மாறுவார்கள். எண்ணிக்கையும் கூலியும் மட்டும் கேட்கும் வகையை எடுத்தேன். கூலியைக் குறைத்துச் சொன்னால் பிரீமியம் குறையும், ஆனால் விபத்து நேரத்தில் அந்தக் குறைவு நம் கையைத்தான் கடிக்கும். உண்மையான கூலியையே எழுதினேன். மருத்துவச் செலவு தானாக அடங்காது, தனியாகச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்து அதையும் சேர்த்தேன். இன்னொன்று யாரும் சொல்லாதது: அந்தப் பாலிசியில் நான் இல்லை. நான் தொழிலாளி இல்லையே, முதலாளி. நானும் ஏணியில் ஏறுகிறவன்தான். எனக்கென்று தனியாக, படுத்துவிட்டால் வாரந்தோறும் ஒரு தொகை வரும்படியான விபத்துக் காப்பீடு எடுத்தேன். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையைப் பையன்கள் எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்ததும் அப்போதுதான்.

2024 ஆகஸ்டில் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கழிப்பறைத் தொகுதி வேலை கிடைத்தது. வாயிலிலேயே தொழிலாளர் பாலிசியைக் காட்டச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அடிபட்டால் சட்டம் முதலில் வேலை கொடுத்தவரையே கேட்கலாம் என்பதால் அவர்களும் கவனமாக இருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டே நாளான ஒரு தம்பி, குடியாத்தம் பக்கத்துப் பையன், ஏணி வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டான். அன்று மாலையே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வருகைப் பதிவேடு, கூலி கொடுத்த வங்கிப் பதிவு, மருத்துவமனையின் மூலப் பில்கள் எல்லாம் கையில் இருந்தன. தகடு வைத்துத் தைத்த செலவு 52,000; அதில் 46,000 பாலிசியிலிருந்து வந்தது. வேலைக்கு வர முடியாத நாட்களுக்கான தொகை தனியாக வந்தது. அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது, லாட்ஜ் வராந்தாவில் நின்ற இரவு போல நான் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது பொதுப் பொறுப்புக்கு 25 லட்சம், எக்சஸ் 10,000. பிரீமியம் வரியோடு 16,520. தொழிலாளர் பாலிசி வரியோடு 11,564. ஆண்டுக்கு 28,084 ரூபாய். இதை இருபது வேலைகளில் பிரித்துப் போட்டால் வேலைக்கு 1,400 ரூபாய்தான் கூடுகிறது. விலைப்பட்டியலில் அதைத் தனி வரியாக எழுதுகிறேன். கேட்பவர்களுக்கு விளக்குகிறேன்; சிலர் வேறு ஆளைத் தேடிப் போகிறார்கள், போகட்டும். துரப்பண இயந்திரம், மரை வெட்டும் இயந்திரம் போன்ற கருவிகளுக்கு இன்னும் எதுவும் எடுக்கவில்லை. நான் கேட்ட பாலிசிகளில் பூட்டிய இடத்திலிருந்து உடைத்துத் திருடினால் மட்டுமே பணம் என்று இருந்தது. என் கருவிகள் இருப்பதோ வண்டியிலும் தெருவிலும். வெளியிலும் செல்லும்படியான ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். நகைகளை 2025 பங்குனியில் மீட்டேன்.

அடுத்த மாதம் பொறுப்புப் பாலிசி முடிகிறது. போன வாரம் ஒருவர் அழைத்து, அதே 25 லட்சத்தைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார். என் வேலை என்ன, எங்கே நடக்கிறது, முன்தேதி என்ன என்று எழுதி அனுப்பி, பாலிசியின் முழு வாசகத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னேன். இரண்டு முறை நினைவூட்டியும் ஒரு பக்கத் துண்டறிக்கைதான் வந்திருக்கிறது. பழைய நிறுவனத்துக்கே புதுப்பிப்புப் பணத்தைத் திங்கட்கிழமை கட்டுகிறேன்.